காதைப் பார்த்து ஓட்டு: எங்கள் வீட்டுக் குதிரைகள்

குதிரை வைத்திருந்தவர்கள் யாராவது இருந்தால், மறக்க முடியாத குதிரை எது, அதோடு வாழ்வது உண்மையில் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள் எனக் கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால், பழனியில் ஜட்கா என்னும் குதிரைவண்டி ஓட்டியவரின் மகன். எண்ணிப் பார்த்தால் மொத்தம் ஐந்து குதிரைகள். ஒன்று அப்பாவுடையது. ஒன்று பாதி என்னுடையது. ஒன்று என்னை ஏமாற்றி வீட்டுக்கு வந்தது. ஒன்று என் தோள் எலும்பை முறித்தது. ஒன்று இப்போதும் வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது.

அப்பாவின் குதிரை பெயர் ராசாத்தி. சிவலை நிறத்தில் ஒரு மட்டக்குதிரை, நெற்றியில் மட்டும் வெள்ளை. அறுபதுகளின் கடைசியில் பழனி ரயில் நிலையத்துக்கும் அடிவாரத்துக்கும் நடுவே அதுதான் எங்கள் வீட்டுச் சோறு. தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தால் அப்பாவும் ராசாத்தியும் வீட்டுக்கு வருவதே நடுச்சாமத்துக்கு மேல்தான்.

ஜட்காவில் ஏறியவர்களுக்குத் தெரியும், வண்டிக்காரர் ஏறியவுடன் "கொஞ்சம் முன்னாடி நகருங்க சாமி" என்பார். மரியாதைக்காகவோ இடம் போதாமலோ சொல்வதில்லை அது. இரண்டே சக்கரம். பின்பாரம் ஏறினால், வண்டியிலிருந்து குதிரையின் இருபுறமும் நீளும் ஏர்க்கால் மேலே தூக்கி, வயிற்றுவார் குதிரையின் வயிற்றை இறுக்கும். முன்பாரம் கூடினால் முழுக் கனமும் அதன் முதுகில் உட்காரும். அப்பா வண்டியில் ஏறுபவரின் உடம்பைப் பார்த்தே யாரை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்துவிடுவார். மொட்டை போட்ட கையோடு சந்தனம் பூசிக்கொண்டு பருத்த ஒரு குடும்பம் வந்தால், தானே இறங்கி ஏர்க்காலைப் பிடித்தபடி நடந்துவிடுவார். சவாரிக்கு வந்தவர்கள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று ஒரு பழமொழி உண்டு. ராசாத்திக்காகவே யாரோ சொன்னதுபோல இருக்கும். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் உட்காரும். கட்டைவிரலை அந்த இடைவெளிக்குள் விட்டு ஈற்றை லேசாக அழுத்தினால் வாய் தானாகத் திறக்கும். ஏழு வயதில் எனக்கு அப்பா கற்றுக்கொடுத்த முதல் வித்தை அதுதான். மார்கழி விடியலில் இரும்பு பனிக்கட்டி மாதிரி இருக்கும். அப்பா அதைத் தன் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டு டீ குடிப்பார். டீ முடியும்போது இரும்பு சூடாகியிருக்கும். அப்புறம்தான் மாட்டுவார்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "ரோட்டைப் பாக்காதடா கண்ணு, அது பாத்துக்கும். நீ காதைப் பாரு." குதிரையின் காது ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பும். ஏறக்குறைய அரைவட்டம் சுற்றும். ஒரு காது முன்னாலும் ஒரு காது பின்னாலும் இருந்தால், பாதையையும் உன்னையும் சேர்த்துக் கவனிக்கிறது, நல்லது. இரண்டும் முன்னால் விறைத்து நின்றால் எதையோ பார்த்துவிட்டது. இரண்டும் பின்னால் பிடரியோடு ஒட்டிப் படுத்துவிட்டால் அடுத்து வருவது பல்லோ குளம்போதான்.

அப்பாவின் காதும் லேசுப்பட்டதல்ல. வீட்டுத் திண்ணையில் படுத்தபடியே, தெருவில் போகும் வேறொருவர் வண்டியின் சத்தத்தை வைத்து "முன்னங்கால் இடது லாடம் ஆடுது, ரெண்டு ஆணி போயிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். குளம்பும் நம் நகமும் ஒரே பொருள்தான். வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, சீவி, திரும்ப அடிக்க வேண்டும். ஆணி வெளிச்சுவரில் மட்டும் ஏறினால் வலிக்காது. ஒரு நூல் உள்ளே தள்ளி ஏறினால் அன்றைக்கே நொண்டும்.

எண்பதுகளில் ஆட்டோக்கள் வந்தன. ராசாத்திக்கும் வயதாகிவிட்டது. அப்பா அதைத் திண்டுக்கல் பக்கம் ஒருவருக்கு, வெறுமனே தோட்டத்தில் நிற்கட்டும் என்ற வாக்கின் பேரில் கொடுத்தார். அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று அவர் போய்ப் பார்க்கவே இல்லை. நான் போகட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்" என்றார். அந்தக் கடிவாளம் இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது.

வேலை கிடைத்து நான் சிறுமலைக்குப் போனபோது இரண்டாவது குதிரை வந்தது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் வரும் மலை. மலைவாழை, எலுமிச்சை, காப்பி, பலா. ரோடு இல்லாத தோட்டங்களிலிருந்து எல்லாவற்றையும் சுமந்து வருவது குதிரைகள்தான். முதுகில் சாக்கு மெத்தை, இருபுறமும் மூட்டை. ஒரு தோட்டக்காரரும் நானும் கூட்டுச் சேர்ந்து ஒரு மலைக்குதிரை வாங்கினோம். வாரத்தில் மூன்று நாள் அது அவருடைய எலுமிச்சையைச் சுமக்கும். மற்ற நாள் மருந்துப் பெட்டியோடு என்னைச் சுமக்கும். குட்டையன் என்று பெயர். நான் ஏறி உட்கார்ந்தால் என் கால் தரையைத் தொட இன்னும் ஒரு முழம்தான் இருக்கும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு. ஆனால் மழைக்காலத்துச் சேற்றுப் பாதையில், எங்கே கல் உருளும், எங்கே உருளாது என்று அதற்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம், மூடுபனி இறங்கிய நேரம். பாதை திரும்பும் இடத்தில் குட்டையன் நின்றுவிட்டது. இரண்டு காதும் முன்னால் விறைத்துவிட்டன. தட்டினேன், அதட்டினேன், இறங்கி இழுத்தேன், அசையவில்லை. சரி, ஏதோ இருக்கிறது என்று அரைமணி நேரம் சுற்றி வேறு வழியாக வந்தேன். ஊருக்குள் சொன்னதும் அன்றிரவே அது காட்டெருமை ஆகிவிட்டது. மறுநாள் காலை அது சிறுத்தை. நான் போய்ப் பார்த்தேன். முள்ளில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு நீல பாலித்தீன் தாள்.

இதைச் சொன்னால் குதிரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் சிறுத்தைதான் வேண்டும். எனக்கு அந்த நீலத் தாள்தான் பிடிக்கும். குதிரைக்குக் கண் தலையின் இருபக்கமும் இருப்பதால் ஏறக்குறைய தன்னைச் சுற்றி முழுவதையும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சின்ன இடமும் வாலுக்கு நேர் பின்னால் ஓர் இடமும் மட்டும்தான் தெரியாது. இருட்டில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும், ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு அதன் கண் பழக நம்மைவிட நேரமாகும். ஓடித் தப்பித்தே பிழைத்த இனம் அது. சந்தேகம் வந்தால் நிற்கும் அல்லது ஓடும். சிறுத்தையா தாளா என்று பக்கத்தில் போய் விசாரித்த குதிரைகளுக்கு வாரிசு இல்லை.

இனி மூன்றாவது குதிரை, வாத்தியார். மறக்க முடியாத குதிரை எது என்று கேட்டீர்களே, அது இதுதான்.

ஈரோடு மாவட்டம் அந்தியூருக்குப் பக்கத்தில் புதுப்பாளையம். அங்கே குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவும் அதை ஒட்டிய சந்தையும் நடக்கும். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடப்பதாகச் சொல்வார்கள். மாடு, ஆடு எல்லாம் உண்டு, ஆனால் கூட்டம் குதிரைக்குத்தான். குஜராத்தின் காத்தியவார், ராஜஸ்தானின் மார்வார், வெள்ளை வெளேரென்ற நுக்ரா, தமுக்கு அடித்தால் கால் மாற்றி ஆடும் குதிரைகள். 1996இல் போனேன். அங்கேதான் அதைப் பார்த்தேன். காத்தியவார் ஆண் குதிரை, தவிட்டு நிறம், ஐந்து வயது. காதின் நுனி இரண்டும் உள்நோக்கி வளைந்து, நிமிர்த்தினால் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். அந்த இனத்துக்கும் மார்வாருக்கும் அதுதான் அடையாளம்.

வியாபாரி கழுத்தைத் தடவிக் காட்டி, "தேவமணிச் சுழி பாருங்க, வீட்டுக்கு யோகம்" என்றார். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வீட்டில் அழுகை என்பார்கள், அது இல்லை என்றும் காட்டினார். நான் சுழி பார்க்கிற ஆள் இல்லை. பல்லைப் பார்த்தேன். ஐந்து வயதில் பால்பல் எல்லாம் விழுந்து வாய் நிறைந்திருக்கும். சரியாக இருந்தது. நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தேன், ஓட விட்டுப் பார்த்தேன், பூனைக்குட்டி போல இருந்தது. துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடித்து விலை பேசி, இருபத்திரண்டாயிரத்துக்கு முடித்தோம். அன்றைக்கு எனக்கு அது ஐந்து மாதச் சம்பளத்துக்கு மேல்.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர் காட்டப் போனேன். வாளியை உதைத்தது, வேலியை உதைத்தது, என் முழங்கையைக் கடித்தது. மாணிக்கவாசகருக்காக ஈசன் நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார், பொழுது விடிவதற்குள் அவை நரியாகி ஓடிப்போயின என்பது திருவிளையாடல். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. மயக்க மருந்து கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். யோசித்துப் பார்த்தால், சந்தையில் அதன் கீழுதடு தொங்கிக்கொண்டிருந்தது. காது இரண்டும் பக்கவாட்டில் தளர்ந்து கிடந்தன. அத்தனை தமுக்குச் சத்தத்தில் ஒரு காத்தியவார் குதிரையின் காது திரும்பாமல் இருக்குமா? மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டே பிழைத்தவன் நான். பல்லை எண்ணினேன், காதைப் பார்க்கவில்லை. அதனால்தான் வாத்தியார் என்று பெயர் வைத்தேன்.

நண்பர்கள் அடித்துப் பழக்கச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை, முழங்கையும் வரவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, அதன் கொட்டடிக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தினத்தந்தி படிப்பேன். அதைப் பார்க்க மாட்டேன், பேச மாட்டேன், ஒருமணி நேரம் படித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். என் மனைவி வாசலில் நின்று, "மனுசங்க யாரும் கிடைக்கலையா உங்களுக்கு?" என்பாள். மூன்றாவது வாரம் பின்கழுத்தில் சூடான மூச்சு பட்டது. நான் அசையவில்லை. தோளுக்கு மேல் நீண்ட ஒரு மூக்கு வந்து, பேப்பரை முகர்ந்து, சினிமாப் பக்கத்தின் மூலையைக் கிழித்து மென்றது. ஓரக்கண்ணால் மேலே பார்த்தேன். காது நுனி இரண்டும் ஒட்டி நின்றன, கும்பிடும் கை மாதிரி.

அதற்குப் பிறகும் சேணம் போட நாலு மாதம் ஆனது. ஆனால் ஏறிய பிறகு கிடைத்ததைச் சொல்ல வேண்டும். அந்த இனங்களில் சிலவற்றுக்கு ரேவால் என்று ஒரு நடை பிறவியிலேயே உண்டு. சாதாரண ஓட்டத்தில் குதிரை முதுகு தூக்கித் தூக்கிப் போடும். ரேவாலில் ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் அடுத்தடுத்துப் போய், முதுகு படகு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு போகலாம் என்பார்கள். நான் போயிருக்கிறேன், அரை டம்ளர் மிஞ்சியது. விடியற்காலையில் வாய்க்கால் கரையில் போகும்போது, அந்த வளைந்த காதுகளுக்கு நடுவே தெரிகிற பாதை ஒரு வாசல் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வாசல்தான் முதலில் வருகிறது.

1999இல் என் தங்கை கல்யாணம். மூன்று நாள் வீடு நிறையக் கூட்டம். சின்னப் பசங்கள் ஆசையாக, மிஞ்சிய சோறு, பூரி, கேசரி எல்லாம் வாளி வாளியாக அதற்குப் போட்டிருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்குப் பார்த்தால் காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறது, படுக்கிறது, புரள்கிறது. வயிற்றுவலி. மாட்டுக்கு வந்தால் வேறு, குதிரைக்கு வந்தால் உயிர்ப்பிரச்சினை. அதன் இரைப்பை உடம்புக்குப் பார்த்தால் மிகச் சின்னது, வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது புளித்து ஊதினால் வெளியே வர ஒரே வழிதான். தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பார்த்தேன். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்க வேண்டும். எழுபதைத் தாண்டியது. விலாவில் காதை வைத்தேன். நல்ல குதிரையின் வயிறு எப்போதும் இடி முழங்குவதுபோல உறுமிக்கொண்டே இருக்கும். வாத்தியாரின் வயிறு மௌனமாக இருந்தது.

டாக்டர் இருபது கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு திரவ பாரஃபின் ஊற்றினார், வலிக்கு ஊசி போட்டார். புரண்டு விழாமல் நடத்திக்கொண்டே இருங்கள் என்றார். கல்யாணப் பந்தலைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். நான் கொஞ்ச நேரம், மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கொஞ்ச நேரம், பட்டுவேட்டியோடு. நாலரை மணிக்கு, வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்று, வாலைத் தூக்கி ஒரு கூடை சாணி போட்டது. முகூர்த்தத்தில் தாலி கட்டும்போது எனக்குக் கண் கலங்கியதைப் பார்த்து எல்லோரும் தங்கைப் பாசம் என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

பின்னால் எங்கேயோ படித்தேன். எழுநூறு வருடத்துக்கு முன் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, இங்கே அரபு தேசத்திலிருந்து வருடாவருடம் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குகிறார்கள், ஆனால் வளர்க்கத் தெரியாமல் பெரும்பாலானவற்றைச் சாகவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். லாடம் அடிக்க ஆள் இல்லையாம். சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் கேட்ட "எப்படி இருக்கும்" என்பதன் இன்னொரு பாதிக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு இருபத்தைந்து முதல் நாற்பது லிட்டர் தண்ணீர். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல். ஒரே வேளையில் கொட்டினால் முன்னே சொன்ன கதைதான். கொள்ளை ஊறவைத்தோ அவித்தோ அளவாகத்தான் கொடுக்க வேண்டும். தீவனத்தைத் திடீரென்று மாற்றக் கூடாது. ஆணி குத்தின சின்னப் புண்ணிலேயே ரணஜன்னி (டெட்டனஸ்) வந்துவிடும், மற்ற வீட்டு விலங்குகளைவிடக் குதிரைக்கு அது சுலபமாக வரும், எனவே தடுப்பூசி தவறக் கூடாது. ஊருக்குப் போக முடியாது. போனாலும் மனசு கொட்டடியில்தான் இருக்கும்.

வாத்தியார் 2013இல் போய்ச் சேர்ந்தது, வயது இருபத்திரண்டு. குதிரையைப் புதைக்க ஜேசிபி வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒருமணி நேர வாடகை. குழி தோண்டிய தம்பி பணம் வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டான்.

நடுவில் ஒரு பந்தயக் குதிரை வந்துபோனதைச் சொல்லாமல் விட முடியாது. ஓடி ஓய்ந்த தரோபிரெட் பெட்டை, நண்பர் ஒருவர் சும்மா கொடுத்தார். பதினாறு பிடி உயரம் (ஒரு பிடி நாலு அங்குலம்), பட்டுத்துணி போன்ற தோல், கொசு கடித்தாலே தடித்துவிடும். நாங்கள் மேடம் என்றோம். சாதாரணக் குதிரையில் கடிவாளத்தை இழுத்தால் நிற்கும். பந்தயத்தில் பழகிய குதிரை, வார் இறுகினால் அதன் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகும். இது எனக்குப் புத்தகத்தில் தெரியும். முதுகில் தெரியவில்லை. பயந்து இழுத்தேன், பறந்தது. மேலும் இழுத்தேன், மேலும் பறந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்களே, இது குழி பறிக்கவில்லை, அவ்வளவுதான். தோள் எலும்பு இரண்டு துண்டு. ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. சரியாக ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாகச் சின்னு. வாத்தியாரின் மகள். பக்கத்துத் தோட்டத்துப் பெட்டைக்குப் பிறந்தது, 2004 மாசியில். குதிரைக்குச் சினை பதினொரு மாதம். ஆள் நடமாட்டம் அடங்கிய பின், இரவில்தான் பெரும்பாலும் ஈனும். நானும் பக்கத்துத் தோட்டக்காரரும் மூன்று ராத்திரி காவல் இருந்தோம். நாலாவது ராத்திரி டீ போடப் போன கால்மணி நேரத்தில் ஈன்றுவிட்டது. உடம்பெல்லாம் ஈரம், உடம்பைவிடக் காலே நீளம். முன்னங்காலை ஊன்றும், பின்னங்கால் விரியும், பொத்தென்று விழும். எட்டு முறை எண்ணினேன். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று, தாயின் முன்னங்காலுக்கு நடுவே பால் தேடியது. தாயே நகர்ந்து காட்டியது. காது மட்டும் ஈரத்தில் பிடரியோடு ஒட்டிக் கிடந்தது. விடிந்து காய்ந்த பிறகு நுனி உள்ளே வளைந்தது. வாத்தியாருக்கான கூலியாக அந்தக் குட்டியைத்தான் கேட்டு வாங்கினேன்.

இப்போது சின்னுவுக்கு இருபது தாண்டிவிட்டது. கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டதால் புல்லை மென்று உருட்டித் துப்பிவிடுகிறது. எனவே தவிடும் நறுக்கிய புல்லும் ஊறவைத்துக் கூழாகக் கொடுக்கிறேன். ஏறுவதை நிறுத்தி நாலு வருடம். எனக்கும் முழங்கால் சரியில்லை. சாயங்காலம் வாய்க்கால் வரை இரண்டு பேரும் நடக்கிறோம். கயிறு என் கையில் இருக்கும், யார் யாரைக் கூட்டிப்போகிறோம் என்று பார்ப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். குதிரை நின்றபடியே தூங்கும், முழங்காலைப் பூட்டிக்கொள்ளும் வித்தை அதன் கால் தசைநார்களில் உண்டு. ஆனால் ஆழ்ந்து தூங்கக் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். வயதான குதிரைகள் எழ முடியாதோ என்ற பயத்தில் படுக்கவே தயங்கும். எனவே மணலை ஒரு முழம் கொட்டிப் பரப்பி வைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணி வாக்கில் அது படுக்கும் சத்தம், ஒரு பெரிய மூட்டையை மெதுவாக இறக்குவதுபோலக் கேட்கும். அது கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம்.

கண் ஒன்று மங்கிவிட்டது. காது மட்டும் அப்படியே இருக்கிறது. கடைக்குப் போய்விட்டு நான் டிவிஎஸ் ஃபிஃப்டியில் தெருமுனை திரும்பும்போதே கனைக்கும் என்று என் மனைவி சொல்கிறாள். நான் வந்து வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது ஒரு காது என் பக்கமும், ஒரு காது கொள்ளுப் பை தொங்கும் ஹேண்டில்பார் பக்கமும் இருக்கும்.